அண்ணியின் பரண்

என் அண்ணன் எதையும் தூக்கிப் போடமாட்டான். ஓடாத மின்விசிறி, பிடி இல்லாத சூட்கேஸ், ஜோடி தொலைந்த செருப்பு எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான்: "இருக்கட்டும், ஒரு நாள் உதவும்." அந்த ஒரு நாள் வந்ததே இல்லை. கார் ஷெட்டில் எள் போட்டால் எள் விழாது. பெரிய கதவை ஒட்டிக்கூடச் சாமான் அடுக்கியிருந்ததால் அதைத் திறப்பதையே விட்டுவிட்டோம். கார் பாவம், வருஷக்கணக்காகத் தெருவில் நின்று வெயில் காய்ந்தது.

அண்ணி சோபா தைப்பவள். நைந்து கிழிந்து வரும் நாற்காலியைத் தோலுரித்து, ஸ்ப்ரிங் மாற்றி, பஞ்சு வைத்து, துணியை இழுத்து அடித்துக் கொடுத்தால் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாது. "எப்படி நம்ம வேலை?" என்று கடை முதலாளி மீசையை நீவிக்கொள்வார். அண்ணி வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு சும்மா இருப்பாள். ஒரு நாள் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, "நாளைலேருந்து நான் வரலை, சொந்தமாப் பண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஒரு சோபா நிற்க இடம், அதைச் சுற்றி வர வழி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டில் அப்படி இருந்தது கார் ஷெட் ஒன்றுதான்.

"உங்க சாமானத் தூக்கிப் போடச் சொல்லலீங்க. எல்லாத்தையும் மேல ஏத்திடறேன். தரைய எனக்குக் குடுங்க."

"தரையில ஒரு டப்பா மிஞ்சினாலும் பேச்சு மாறிடும், பாத்துக்க" என்றான் அண்ணன். எங்கே முடியப்போகிறது என்ற தைரியத்தில் சொன்னான். கூடப் பிறந்தவள் எனக்குத் தெரியாதா அவனை.

அண்ணி மறுநாளே ஏணியில் ஏறினாள். விரல் முட்டியால் கூரையைத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். "இங்கதான் உள்ள உத்தரம் ஓடுது. ஸ்க்ரூ மரத்துல ஏறணும், வெறும் பூச்சுல ஏறினா நம்ம தலையிலதான் விழும்." எதிர்வீட்டிலிருந்து வந்த நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நீளமான கட்டைகளை உத்தரத்தில் இறுக்கி, அவற்றிலிருந்து இரும்புக் கம்பிச் சட்டங்களைத் தொங்கவிட்டு, சட்டங்களின் மேல் பலகை பரப்பினாள். வேலை முடியும்வரை பெரிய கதவைத் திறக்கக்கூடாது என்பது கண்டிப்பு. திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். அவர் ஆணி அடித்து யாரும் பார்த்ததில்லை, யோசனை சொல்லாமல் இருந்தும் பார்த்ததில்லை. சமையலறைக் கதவு வழியாகவே போய் வந்தோம். பல்பு வெளிச்சத்திலேயே வேலை நடந்தது.

பரண் முடிந்ததும் அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக் காட்டினாள். "நீங்களும் வந்து தொங்குங்க!" என்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, "நம்பறேன், நம்பறேன்" என்றான். அத்தனை சாமானும் மேலே ஏறி உட்கார்ந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

பல் மருத்துவமனைக்காரர்களின் சோபாதான் முதல் வேலை. வண்டி வந்து வாசலில் நின்றது. அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு பெரிய கதவின் அடியைப் பிடித்துத் தூக்கினாள். இடுப்பளவு ஏறியது, டங்கென்று நின்றது.

எங்கள் கதவு ஒரே இரும்புத் தகடு. தூக்கினால் மொத்தமாக உள்ளே சாய்ந்து கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் ஜாதி. அது படுக்க வேண்டிய இடத்தில் இப்போது பரண் இருந்தது. மூடிய கதவை அளந்தோமே தவிர, திறந்தால் அது எங்கே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவேளை சொல்லியிருப்பார். அதை நினைத்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

இடுக்கு வழியாகக் குனிந்து, "சோபாவ உள்ள விடலாமா?" என்றார் வண்டிக்காரர். சமையலறை வழியாக அது நுழையாது. அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அது ஒரு நிமிஷம்தான்.

"அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வந்தா கதவு திறந்திருக்கும்."

ஸ்பேனரோடு ஏறினாள். முன்பாதியில் இருந்ததையெல்லாம் என் கையில் இறக்கினாள். பலகையைக் கழற்றி, கம்பிகளை உருவி, கட்டைகளை ரம்பத்தால் அறுத்தாள். பாதிப் பரண் போயிற்று. கதவு முழுசாக ஏறிப் படுத்தது, ஷெட்டுக்குள் பல வருஷம் கழித்து வெயில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் அண்ணனின் சாமான்.

அண்ணன் அதன் நடுவே நின்றான். பேச்சு பேச்சுதான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி திரும்பிவிடும். வாயைத் திறந்தானோ, நான் கிழிகிழியென்று கிழிக்கத் தயாராகவே இருந்தேன்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றாள் அண்ணி, ஏணியிலிருந்தே. "ஆனா இடத்த விட மாட்டேன்."

அவன் மின்விசிறியை ஒரு கக்கத்திலும் சூட்கேஸை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்து இன்னும் இரண்டு பெட்டியை எடுத்தான்.

"எங்கங்க கொண்டு போறீங்க?"

"என் கட்டிலுக்கு அடியில. அங்க கொள்ளாதது குப்பைக்கு."

குப்பை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அண்ணி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

டீ குடித்துவிட்டு வந்த வண்டிக்காரர், ஆம்பளை என்று அண்ணனிடம்தான் போனார். "சார், சோபாவ எங்க வைக்கட்டும்?"

கடைசிப் பெட்டி அண்ணனின் தலையில் இருந்தது. "அவங்களக் கேளுங்க. கடை அவங்களோடது" என்றான். "நான் சும்மா, இங்க சாமான் போட்டு வெச்சிருந்தவன்."