ஒரு சாண் விட்டு

வேலியில் வெயில் விழுந்ததும் மலர்க்கொடியக்கா உப்புமாக் கரண்டியை வைத்துவிட்டுப் புல்லை எழுப்பப் போய்விடுவார். தலையில் குரங்குக் குல்லா. பாத்தியின் மேல் போர்த்திய அரிசிச் சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி, பனியை உதறி வேலியில் காயப்போடுவார். "எந்திரிங்கடி! மணி எட்டாவுது, இன்னும் என்னா தூக்கம்?" திட்டெல்லாம் புல்லுக்குத்தான்.

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை மேல் இருக்கும் எங்கள் விடுதிப் பள்ளியில் அவர் சமையலர், நான் கணக்கு வாத்தியார். அவருக்குச் சொந்த ஊர் குன்னம் பக்கம். கணவர் அரியமுத்து அங்கே மக்காச்சோளக் கொல்லையோடு இருக்க, இவர் வெள்ளச்சி என்ற பசுவோடு மலையேறிவிட்டார். "அவரு ஒரு மாசம்கூட தனியா இருந்துடுவாரு சார். இது என்னய வுட்டுட்டு ஒரு நேரம் இருக்காது." அந்தப் பசுவிடம் எனக்கும் சுயநலம் உண்டு. பவுடர் பால் டீயிலிருந்து என்னைக் காப்பாற்றிய புண்ணியவதி அவள்.

மேய்ச்சலுக்கு ஓட்டிப் போக அக்காவுக்கு நேரமேது? கோ-4 என்ற தீவனப் புல்லின் தண்டை இரண்டிரண்டு கணுவாக நறுக்கி, மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து நட்டார். "என்னம்மா, கரும்பா?" என்று கேட்ட கண்டக்டருக்கு, "எங்க வெள்ளச்சிக்குச் சீர்வரிசை" என்று பதில் போயிருக்கிறது.

புல் அறுப்பதில் அவருக்கு ஒரு ரோஷம் உண்டு. அரிவாள் மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும். கட்டை தெரிய அறுத்தால் அவர் ஊரில் வேலை தெரியாதவள் என்று பேர். மலைக்குக் கீழே அடிக்கிற வெயிலுக்கு எவ்வளவு ஒட்ட அறுத்தாலும் குபுகுபுவென்று தழைத்துவிடும். போன வருஷம் கார்த்திகைக் கடைசியில் இங்கேயும் மொட்டையடித்தாற்போல் அறுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அழகு பார்த்தார். மார்கழிப் பனி வெட்டுவாயில் இறங்கித் தூரெல்லாம் அழுகிப்போனது. வாராவாரம் குன்னத்திலிருந்து சோளத்தட்டை பஸ்ஸேறி வந்தது. வெள்ளச்சியின் விலா எலும்பை வைத்து நான் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அரியமுத்து அப்போதே சொல்லிவிட்டார். "அடுத்த வருஷ மாட்டுப்பொங்கலுக்குள்ள பச்சைப் புல்லு நிக்கலன்னா மாட்டக் குடுத்துடுவோம். அது வத்திப்போறத என்னால பாக்க முடியல." அக்கா சரியென்றார். சரியென்றுவிட்டு அன்றைய சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டார்.

அழுகிய பாத்தியில் ஒரே ஒரு தூர் மட்டும் தையில் துளிர்த்தது. பாறையோரம் அரிவாள் நுழையாமல், ஒரு சாண் கட்டையோடு தப்பிய தூர் அது. "நான் ஒழுங்கா அறுத்ததெல்லாம் செத்துப்போச்சு. அரகொறயா அறுத்தது பொழச்சிருக்கு பாருங்க சார்!" தலையில் அடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் வெள்ளச்சியே திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தூரைப் பெருக்கித்தான் மறுபடி பாத்தி நிரப்பினார். இந்தக் கார்த்திகையில் சாண் போட்டு அளந்து அறுத்தார். பழகிய கை தானாகக் கீழே போகும். "ச்சீ, மேல வா!" என்று கையையே அதட்டுவார். பொழுது சாய்ந்தால் சாக்குப் போர்வை. பார்க்க வந்த நாத்தனார் வளர்மதி, "என்னாண்ணி, முடிவெட்டுறவன் பாதியில ஓடிட்டானா?" என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அரிவாளைக் கீழே இறக்கவில்லை.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் அரியமுத்து வந்தார். கூடவே சிறுவாச்சூர் மாட்டு வியாபாரி தமிழரசன், தோளில் புதுக் கயிற்றோடு. மாட்டை விற்பவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், வாங்குகிறவர் தன் கயிற்றோடுதான் வருவார். பனியைத் தாண்டிப் புல் நிற்பதை அக்கா வீட்டுக்குச் சொல்லியிருக்கவில்லை. "போன்ல சொன்னா நம்புவாராக்கும்? வந்து பாக்கட்டும்."

முழங்கால் உயரம் நின்ற புல்லுக்குள் அரியமுத்து கையை விட்டுப் பார்த்தார். "மார்கழிப் பனியிலயா?" என்றார். வியாபாரி தொழுவத்தைப் பார்த்தார், கயிற்றை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அக்கா குந்தி உட்கார்ந்து, சாண் விட்டு, சரசரவென்று ஒரு சுமை அறுத்துக் குவித்தார்.

"அண்ணே, அந்தக் கயித்தச் செத்த நேரம் குடுங்க."

தமிழரசன் கொடுத்துவிட்டார். அக்கா அந்தப் புதுக் கயிற்றால் புல்லை இறுக்கிக் கட்டினார். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டிக் குல்லாவின் மேலேயே வைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்தார்.

"தூக்கி வுடுங்க."

அரியமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். புல்லுக்கட்டைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்தார்.