மிளகாய்க் களத்தில் காய்ந்த கம்பளி

எனக்கு வாயும் காலும் சும்மா இருக்காது. தொண்டியில் எங்கள் வீட்டு மாடியை, காரங்காட்டில் படகு ஏற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அந்த அறைச் சுவருக்கு ஏதாவது மாட்டலாமென்று தேடிக் கமுதிச் சந்தை வரை போனபோதுதான் ஜெயசுதாவைப் பார்த்தேன். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் விலை பேசிக்கொண்டே கையால் தக்கிளியில் கம்பளி நூல் திரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. அதற்கு நாலு வருஷமாகிறது.

பரமக்குடியில் ஒன்பது வருஷம் கூலிக்குச் சேலை நெய்தவள். அவளைக் கட்டிய பாண்டீஸ்வரனுக்குக் கமுதிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல். மிளகாய், கொஞ்சம் பருத்தி. கோடையில் செடி பிடுங்கியதும் ஆட்டுக்காரர் கூத்தையா தன் செம்மறி ஆடுகளை ஓட்டிவந்து அந்த நிலத்தில் கிடை போடுவார். ஆடுகள் படுத்து எழுந்தால் அடுத்த வெள்ளாமைக்கு உரமாயிற்று. கிடைக்கு எல்லாரும் கூலி கொடுப்பார்கள். ஜெயசுதா கூலியும் கொடுத்து, ஆட்டுக்குக் கத்தரித்த முடியையும் கேட்டாள்.

"முடிய வச்சு என்ன தாயி செய்வ, தலகாணியா?" என்று கூத்தையா சிரித்திருக்கிறார்.

சிரிக்கட்டும். அவள் மாட்டுக்கொட்டகையில் குழி வெட்டித் தறி இறக்கினாள். தன் நிலத்தில் விளைந்த பருத்தியும் தன் நிலத்தில் படுத்த ஆட்டின் கம்பளியும் தவிர வேறு நூல் தறியில் ஏறக்கூடாது. சாயமும் கிடையாது. ஆட்டின் கறுப்பு, வெள்ளை, பழுப்பு, அவ்வளவுதான். இப்படி ஒரு பிடிவாதம்.

மதுரையில் வருஷாவருஷம் நடக்கிற கலைக் கண்காட்சிக்கு இரண்டு முறை போட்டோ அனுப்பினாள். இரண்டு முறையும் ஒரே பதில்: 'அழகான தரைவிரிப்பு. ஆனால் இது கலைக் கண்காட்சி.' பாண்டீஸ்வரன் தங்கமான மனிதர்தான், ஆனால் அவருக்கும் எல்லாம் பாய்தான். ஒன்றை மிளகாய் மூட்டைக்கு அடியில் விரித்திருந்தார்.

"நான் பாய் பின்னலக்கா. படம் போடுறேன்," என்றாள் என்னிடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இந்த வருஷம் தேர்வு செய்கிறவரே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். மதுரை ஓவியர் அமுதவள்ளி, வியாழக்கிழமை. அதற்காக ஜெயசுதா ஐந்து மாதமாகத் தன் ஒன்றரை ஏக்கரையே ஏழடி நீளத்துக்கு நெய்து வைத்திருந்தாள். நீளவாட்டுப் பாவிலும் குறுக்குவாட்டு ஊடையிலும் மண்ணுக்குக் கம்பளி நூல். மிளகாய் நடுகிற மேடான பாருக்கும் சுற்று வரப்புக்கும் பருத்தி நூல்.

செவ்வாய்க்கிழமை நான் போய், ஆசையாக முகத்தை அதன்மேல் வைத்தேன். அடுத்து ஒரு தும்மல். அப்புறம் பதினாறு. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"யா அல்லாஹ்! எங்கன காயவச்ச இந்தக் கம்பளிய?"

"களத்துலதான். மொளகா அள்ளுனதும் நல்லாக் கூட்டிட்டுத்தான் போட்டேன்."

மிளகாய்த் தூசி அத்தனையும் கம்பளிக்குள் இருந்தது. ஐந்து மாதம் அதைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை! பாண்டீஸ்வரனும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே," என்றார். பிறந்ததிலிருந்து அந்த நெடியில் இருக்கிற மூக்குகள்.

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் துபாயிலிருந்து வந்த புலிப்படக் கம்பளிகள் ஆறு இருக்கின்றன. அவற்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மிதித்துத்தான் துவைப்போம்.

"சுடுதண்ணியில போட்டு மிதி, எல்லாம் போயிரும்," என்றேன்.

அவளுக்கும் துவைத்துப் பழக்கமெல்லாம் பருத்தியில்தான். அண்டாவில் பூந்திக்காய்த் தண்ணீர் காய்ச்சி, இரண்டு பேரும் மாற்றி மாற்றி மிதித்தோம். சிரிப்பும் கும்மாளமும் வேறு. எடுத்து விரித்தால், நெடி போயிருந்தது; ஏழடியும் ஐந்தடியாகியிருந்தது. துபாய்க் கம்பளி பிளாஸ்டிக் நூல்; இது ஆட்டு முடி, மொத்தமும் சுருங்கி இறுகிவிட்டது. சுருங்காத பருத்தி போக இடமில்லாமல் அங்கங்கே உப்பி நின்றது.

"ஒங்க துபாய்க் கம்பளியில தீய வைக்க!" என்று ஜெயசுதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் விரிப்பின் நாலு மூலையையும் இழுத்து நீட்டப் பார்த்தேன். ஒரு விரல்கூட நீளவில்லை.

வியாழக்கிழமை காலையிலும் ஈரம் காயவில்லை. களத்தைக் கழுவி, அதிலேயே விரித்துப்போட்டிருந்தாள். ஷூ போட்ட கால்களோடு அமுதவள்ளி காரிலிருந்து இறங்கினார். ஜெயசுதா வாசல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரன் சத்தம் கேட்டுத் திரும்பினார். சாய்வெயில் அந்த விரிப்பின்மேல் விழுந்து, உப்பிய பருத்திப் பார் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்திருந்தது. மூட்டையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்.

அமுதவள்ளி இன்னும் கிட்டத்தில் பார்க்க ஒரு காலை அதன் ஓரத்தில் வைக்கப் போனார்.

"மேடம்! மிதிச்சிராதீங்க!" பாண்டீஸ்வரன் ஓடிவந்தார். "அது எங்க கொல்லை மேடம். பார் போட்ட நெலம். இந்தா பாருங்க, வடக்கு வரப்பு. செருப்போட ஏறக்கூடாது."

அமுதவள்ளி தூக்கிய காலோடு நின்றார். குனிந்து பார்த்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரக் களத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு பாரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"எப்படிம்மா இது மேடு மேடா எழும்பியிருக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயசுதா வந்தாள். நெடி, சுடுதண்ணீர், புலிக்கம்பளி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அமுதவள்ளி சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இதையே மறுபடி செய்ய முடியுமா?"

"இனிமே அளவு வச்சே சுருக்குவேன் மேடம். அடுத்த கெடைக்கு வாங்க, காட்டுறேன்."

அமுதவள்ளி பையிலிருந்து கண்காட்சியில் சேர்க்கிற படிவத்தை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். படத்தின் பெயர் என்ற இடத்தில் ஜெயசுதா பேனா வைத்தபடி யோசித்துக்கொண்டே இருந்தாள். பாண்டீஸ்வரன் பொறுக்கமாட்டாமல், "நம்ம கொல்லைன்னு எழுது சுதா," என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்படியே எழுதினாள்.