இகராஷியின் வலது கால்

நாற்காலியில் உட்கார்ந்ததும் இகராஷி முதலில் செய்யும் வேலை, வலது காலைத் தூக்கி இடது தொடைக்கு அடியில் செருகிக்கொள்வது. அதன்மேல் உடம்பை அழுத்தி, இனி அது தப்பிக்க முடியாது என்று உறுதியான பிறகுதான் காப்பியைத் தொடுவார். டை கட்டிய பல் டாக்டர் இப்படி அரைச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, புதிதாக வருகிறவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள். செரிசாவாவின் கடையில் பேசவே கூடாது, சிரிப்பதற்கு எங்கே போவது?

மோரியோகாவில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஜாஸ் காப்பிக்கடை. நாற்காலிகள் எல்லாம் ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி கிடக்கும். யார் எந்த இசைத்தட்டைப் போடச் சொன்னாலும் அதன் ஒரு பக்கம் ஓடும். ஓடி முடியும்வரை அதன் உறையைக் கல்லாவின் மேல் நிறுத்தி வைத்திருப்பார் செரிசாவா. பேச்சு முட்டிக்கொண்டு வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வரவேண்டும். தரை பழைய மரப்பலகை. இங்கே ஒருவர் காலால் தாளம் போட்டால் அங்கே ஊசி துள்ளிவிடும்.

இகராஷியின் இடது கால் பரம சாது. வம்பெல்லாம் வலது காலால்தான். வாரம் முழுக்கப் பல் துளைக்கும் கருவியின் மிதியை அமுக்கி அமுக்கிப் பழகிய கால் அது. வியாழக்கிழமை மதியம் கிளினிக்கை மூடிவிட்டு அவர் வந்தாலும், அது மட்டும் லீவு எடுக்க மாட்டேன் என்கிறது.

"என்ன டாக்டர், இன்னிக்கும் காலைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று படியில் சீண்டுவார் பூக்கடை மிசாவோ. "வீட்டிலேயே விட்டுட்டு வந்திருக்கலாமே?"

"வீட்ல விட்டா எம் பொண்டாட்டி அதுகிட்ட வேலை வாங்குவா."

இகராஷிக்கு உயிரான இசைத்தட்டு ஒன்று உண்டு. உறையில், ரயிலடியில் பெட்டிமேல் சாய்ந்து ஒருவன் தூங்குவான். அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு அது 'தூங்குமூஞ்சி'. அதைப் பற்றி ஆரம்பித்தால் படியில் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

"ரெண்டாவது பக்கத்துல கேளுங்க. டிரம்பெட்காரன் ஒரு சுரத்துக்குத் தாவறான், வழுக்கி வேற எதுலயோ விழறான். வேற ஆளா இருந்தா மூடி மறைச்சுட்டு ஓடியிருப்பான். இவன் என்ன பண்றான்? போயி மறுபடி அதே இடத்துல விழறான், வேணும்னே! மூணாவது தடவ விழும்போது டிரம்ஸ்காரனும் கூடவே விழறான். அப்புறம் அதுதான் பாட்டே! அதாங்க ஜாஸ்."

"நீங்களும் தப்புப் பல்லைப் புடுங்கிட்டா, அதையே இன்னொரு தடவ பண்ணுவீங்களோ?"

"அங்க முடியாதுன்னுதானே இங்க வரேன், மிசாவோ."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் நாளெல்லாம் ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். பிசகினவனைக் கூட வாசிக்கிறவர்கள் தாங்கிப் பிடிக்கிற அந்த இடம் அவருக்கு எத்தனை ஆறுதல் என்பது கேட்டால்தான் தெரியும். அதே பாட்டின் சிடி வீட்டில் இருக்கிறது. "காதுல மாட்டிக்கிட்டுத் தனியா கேக்கறது, விருந்துச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிட்டு வந்து ரூம்ல தின்ற மாதிரி" என்பார்.

ஆனால் கால் கட்டறுத்துக்கொண்டு ஓடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். போன இலையுதிர் காலத்தில் ஊசி துள்ளி, தட்டில் மெல்லிய கீறலே விழுந்துவிட்டது. செரிசாவா தூங்குமூஞ்சியை அலமாரியின் உச்சித்தட்டில் ஏற்றிவிட்டார், இகராஷிக்கு மட்டும் அல்ல, இனி யாருக்குமே அது கிடையாது. குளிர்காலம் முழுவதும் டாக்டர் அந்த உச்சித்தட்டைப் பார்த்தபடியே வேறு தட்டுகளைக் கேட்டார்.

போன வியாழக்கிழமை மிசாவோதான் செரிசாவாவைப் படியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், மனுஷன் இளைச்சே போயிட்டாரு. ஒரு தடவ போடுங்க. காலுக்கு நான் ஜாமீன்."

செரிசாவா சிடுமூஞ்சி அல்ல, முகத்தில் எதுவும் ஓடாது, அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்தார். "ஒரே தடவ. ஊசி துள்ளுச்சுன்னா தட்டை வித்துடுவேன். அப்புறம் யாரும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

இகராஷி அன்று ஷூவையே கழற்றிவிட்டார். இரண்டு கால்களையும் நாற்காலிமேல் ஏற்றி மடக்கி, கம்பளிச் சால்வையால் முழங்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். சாக்ஸில் ஓட்டை. மானம் போனாலும் பரவாயில்லை என்ற முகம். மிசாவோ பக்கத்தில் உட்கார்ந்து அவரது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி இறங்கியது. டிரம்பெட் தாவியது, வழுக்கியது. மறுபடி விழுந்தது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது முறை டிரம்ஸும் சேர்ந்து விழப்போகிற நேரத்தில் ஊசி 'டக்'கென்று துள்ளியது.

எல்லாத் தலைகளும் திரும்பின. இகராஷியின் கால்கள் கட்டினது கட்டினபடி நாற்காலிமேல் இருந்தன. ஜாமீன் கொடுத்தவர் தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார். பிறகு ஒவ்வொரு தலையாக, கல்லாப் பக்கம் திரும்பியது.

கல்லாவுக்குப் பின்னால் செரிசாவாவின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. காது இரண்டும் மட்டும் சிவந்திருந்தன, தாளம் போட்ட கால் பாதியில் நின்றிருந்தது. குளிர்காலம் முழுக்க அவரும்தானே அதைக் கேட்காமல் இருந்தார்.

அவர் ஊசியைத் தூக்கினார். தட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எதை எதற்கு அடியில் செருகுவது என்று தெரியாமல் தடுமாறினார்.

இகராஷி சால்வையைப் பற்றியிருந்த ஒரு கையை எடுத்தார். வலது காலைத் தொட்டுக் காட்டி, பிறகு இடது தொடைக்கு அடியைக் காட்டினார்.