பாய் கொடுத்துவைத்த கொக்கிக் கம்பி

என் வீட்டு முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி சாய்ந்து நிற்கிறது. ஆள் உயரம் இருக்கும். ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கிறது. கை பிடிக்கும் மறுமுனையில் கறுப்பு ரெக்சின் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. கடைகளின் ஷட்டரை இழுத்து இறக்கும் கம்பி. அது என்னுடையதல்ல. அதன் சொந்தக்காரரிடம் நான் ஒரு பொய் சொன்னேன்; அதை நம்பி அவர் இதை என்னிடம் கொடுத்துவைத்தார். அந்த ஒரு பொய்யால் ஒரு தெரு இல்லாமல் போனது. நான் நன்றாகப் பேசக்கூடியவன் என்று பெயர் எடுத்தவன். இதை மட்டும் எந்தப் பூச்சும் இல்லாமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தேன். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு குட்டைத் தெரு இருந்தது. நிலம் கல்லூரி நிர்வாகத்துடையது, கடைகள் வாடகைக்கு. ஜெராக்ஸ் கடை, சலூன், பஞ்சர் கடை, மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ், பைண்டிங் கடை என்று தகரக் கூரையும் உடைந்த சிமெண்ட் தரையுமாக வரிசையாக நிற்கும். நடுவில் மூடாத சாக்கடை. மழை பெய்தால் மெஸ்ஸுக்குள் தண்ணீர் வந்துவிடும். பையன்கள் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அழகான தெரு என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் கூரைகள் தாழ்ந்திருந்ததால் கல்லூரி வாசலில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே ஒரு நொடி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடுவார்கள்.

பைண்டிங் கடை பாயுடையது. தெருவில் எல்லாருக்கும் அவர் பாய்தான். மூத்தவர், முதலில் கடை வைத்தவர். என் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டவரும் அவரே. மைதாப் பசையும், பூச்சி அரிக்காமலிருக்க அதில் போடும் மயில்துத்தமும் கலந்த வாடை அவர் சட்டையிலேயே இருக்கும். "உங்க புள்ளைங்க எல்லாம் ஒரே ப்ராஜெக்ட்தான் சார் எழுதுதுங்க. அட்டை கலர் மட்டும்தான் வேற வேற" என்பார். அது உண்மை என்பதால் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. மேலே சுருட்டிய ஷட்டர் கைக்கு எட்டாது, இழுக்கக் கொக்கிக் கம்பி வேண்டும். ஆனால் தெரு முழுவதற்கும் இருந்தது பாயின் கம்பி ஒன்றுதான். மாலையில் அது கை மாறிக் கை மாறிக் கடைசிக் கடை வரை போய்த் திரும்பி வரும். தெருவில் யாராவது இறந்துவிட்டால், அல்லது மாணவன் ஒருவன் விபத்தில் போய்விட்டால், பாய் கம்பியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு கடை ஷட்டரிலும் ஒரு தட்டுத் தட்டி, பாதி வரை இழுத்துவிடுவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பாய் இறக்கினால் தெரு இறங்கும். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பிறகு அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

தெருவை இடித்து மூன்று மாடி வணிக வளாகம் கட்ட நிர்வாகம் முடிவு செய்தது. கடைக்காரர்கள் நீதிமன்றம் போகத் தயாரானார்கள். வக்கீல் மனுவில் பாய் முதல் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. கல்லூரிச் செயலாளர் என்னை அழைத்தார். "புதுக் கடை எல்லாம் ஏலம்தான் சார். பழைய ஆளுங்களுக்குன்னு ஒண்ணும் கிடையாது. ஆனா கோர்ட்டுன்னு போனா வருஷக் கணக்கா இழுக்கும். நீங்க சொன்னா பாய் கேப்பாரு, பேசிப் பாருங்க" என்றார். பொய் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் கல்லூரி முதல்வர் பதவி காலியாகவிருந்தது என்பதையும், அதற்கு நான் ஆசைப்பட்டேன் என்பதையும் மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

அன்று மதியம் பாய் ஒரு நோட்டின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். "புதுக் கட்டடத்துல கீழ்த்தளத்துல, இதே எடத்துல உங்களுக்குக் கடை பாய். இங்க இருக்கற எல்லாருக்கும்தான். நான் பொறுப்பு" என்றேன்.

"எழுதிக் குடுப்பாங்களா சார்?"

"என் வார்த்தை போதாதா பாய்?"

அவர் பதறிப்போய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, அப்டி கேக்கல சார். தெருவுல கேப்பாங்களேன்னு கேட்டேன்." கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல அவர் முகம் சுருங்கியது. வெட்கப்பட வேண்டியவன் நான், பட்டவர் அவர். அந்த மனுவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை.

ஒரு பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் காலையில் கடைகளைக் காலி செய்தார்கள். பாய் கம்பியோடு தெருவின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். பாதியோடு நிறுத்தாமல் ஷட்டர்களைத் தரை வரை இறக்கிக்கொண்டே வந்தார். மெஸ் நடத்திய அக்கா பாத்திரங்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு யாரு பாய் செத்தாங்க, முழுசா இறக்கிக்கினு வர?" என்று கேட்டார்.

"வாயைக் கழுவும்மா. கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போறாங்க, அதுக்கு எடம் வுடுறோம்னு நெனச்சுக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசி ஷட்டரை இறக்கிவிட்டு பாய் என்னிடம் வந்து கம்பியை நீட்டினார். "புதுக் கடைக்கு மொத ஷட்டரை நீங்கதான் தூக்கணும் சார். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வூட்ல வெச்சா இத்த வெச்சு மாங்கா பறிச்சே ஒடச்சுடுவாங்க." வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது.

கட்டடம் எழுந்தது. ஏலமும் நடந்தது. செல்போன் ஷோரூம், கேக் கடை, பயிற்சி மையம் என்று வெளியூர்ப் பெயர்கள் வந்தன. பழையவர்களில் ஒருவரும் அந்த ஏலத்தில் நிற்கக்கூடிய நிலையில் இல்லை. எனக்கு முதல்வர் நாற்காலி கிடைத்தது. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் முன்பு மலை தெரியும். என் காலத்தில் ஏசி இயந்திரங்கள் தொங்கும் ஒரு சுவர்தான் தெரிந்தது. ஓய்வு பெறும்வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

பாய் வீட்டிலேயே கொஞ்ச நாள் பைண்டிங் செய்தார். அது தேய்ந்து நின்றது. ஆனாலும் தினமும் கல்லூரிச் சாலைக்கு வந்து பழைய ஆட்களோடு டீ குடிப்பாராம். அவர்கள் அவரை விடவில்லை. "ஷட்டரை இறக்கினது நீதானே பாய்? இப்ப தூக்கு பாக்கலாம்" என்பார்களாம். அவரோ, "சார் கைல ஒண்ணுமில்லப்பா, மேல மாத்திட்டாங்க. சார் சொன்னா சொன்னதுதான்" என்று எனக்காக வாதாடுவாராம். சலூன்காரர் ஒருநாள் இதை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து கல்லூரிக்குப் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கம்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் எதையும் மாற்றவில்லை, ஏலம் என்று எனக்கு அன்றே தெரியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டால் அவர் என்னைத் திட்டுவார், திட்டி முடித்ததும் இருவருக்கும் ஏதோ ஒன்று இறங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப நான் தெருவுல சொன்னது?" என்றார். பிறகு, "நீங்க என்கிட்ட பொய் சொன்னீங்க, அது போவட்டும் சார். நான் அவங்ககிட்ட சொன்னேனே. ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி, கீழ்த்தளம்னு சொன்னேனே" என்றார்.

கம்பியை நீட்டினேன். அவர் தொடவில்லை. "இத்த வெச்சிக்கினு நான் எந்தக் கதவை மூடறது சார்? எடுத்துக்கினு போங்க." எல்லாரிடமும் நானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்று சொன்னேன். ஆனால் போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், கார்த்திகை தீபம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அவரோ அதன் பிறகு கல்லூரிச் சாலைப் பக்கம் வரவே இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூடச் சுற்றுவழியில் போனாராம். அவருடைய மகன் என்னைக் கடைவீதியில் நிறுத்திக் கேட்டான்: "அத்தாகிட்ட எதுக்கு சார் வந்து சொன்னீங்க? தெரியாத வரைக்கும் மனுஷன் நாலு பேரைப் பாத்துக்கினு இருந்தாரு."

இந்த வருடம் மழைக்காலத்தில் பாய் இறந்துவிட்டார். அடக்கம் காலையிலேயே முடிந்தது. வீட்டுக்கு வந்தவன் உட்கார முடியாமல் கம்பியை எடுத்துக்கொண்டு வளாகத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஷோரூம் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "யாரு அங்கிள் அவரு? நாங்க இங்க புதுசு. ஷட்டரு ரிமோட்ல ஓடுது, ரிமோட் மேனேஜர்கிட்ட இருக்கு." நான் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. காவலாளி வந்து என் முழங்கையைத் தொட்டார். "பெரியவரே, கதவை வுடுங்க. ஏசி போவுது."

வளாகத்தைத் தாண்டிச் சாலையோரத்தில் மெஸ் அக்கா இப்போது தள்ளுவண்டியில் சோறு விற்கிறார். என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் போய்விட்டார் என்றேன். பிறகு, அத்தனை வருடம் சொல்லாததை அந்த வண்டியருகில் நின்று சொன்னேன். பொய் சொன்னது நான், பாய் அதை நம்பியவர் மட்டுமே என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் அப்படியே நின்றது. "நான் அந்த மனுஷனை எவ்ளோ பேசினேன் தெரியுமா சார்? அவரு சலாம் வெப்பாரு, நான் மூஞ்சத் திருப்பிக்குவேன். என் சோத்துல மண்ணைப் போட்டவன்னு புள்ளைங்க எதிர்லயே சொன்னேன்." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "அவரு உசுரோட இருக்கும்போது வந்து சொல்லியிருந்தீங்கன்னா போய் கால்ல வுழுந்திருப்பேன். இப்ப சொல்லிட்டீங்க, நீங்க லேசாயிட்டீங்க. நான் இன்னா சார் பண்றது?"

நான் லேசாகவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அக்கா அடுப்பை அணைத்தார். பாத்திரங்களை மூடி, வண்டியின்மேல் தார்ப்பாயை இழுத்துப் பாதிவரை போர்த்தினார். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு மாணவன் வந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்குச் சோறு இல்லையா?"

"இல்லப்பா. எங்க தெருவுல ஒருத்தர் போய்ட்டாரு."

அவன் வளாகத்தைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். "எந்தத் தெருக்கா?" என்றான்.

அக்கா தார்ப்பாயின் கயிற்றை வண்டியில் இழுத்துக் கட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நான் கம்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அது மறுபடியும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. பாயின் மகனிடம் கொடுக்கப் போனேன். அவன் கதவைத் திறக்கவில்லை. மாலையில் நான் கதவைச் சாத்தும்போது சில நாள் அது சரிந்து தரையில் விழும். முதுகு வலிக்கக் குனிந்து எடுத்து நிறுத்துவேன். இரும்பில் துரு ஏறிவிட்டது. பிடியில் பாய் போட்ட தையல் மட்டும் இன்னும் ஓர் இழைகூடப் பிரியவில்லை.