இரண்டு காற்றாடிகளும் பன்னிரண்டு குண்டு பல்புகளும்

போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்த மருமகள், தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுபோய் நம் வீட்டுப் பிளக்கில் சொருகினாள். அரை நிமிடம் ஊளையிட்டது, அப்புறம் புகை. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் அங்கேயே நின்று அந்தப் புகையை மோந்துகொண்டிருந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். "இந்த மனுசனுக்குக் கிறுக்குதான்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. வார்னிஷ் கருகும் வாசனையில் பதினைந்து வருடம் சோறு தின்றவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் போடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு மீட்டர், நிறையத் தலைக்கனம். அப்போது கரண்டுக்குத் தனிப் புத்தி உண்டு. பெயருக்கு இருநூற்று முப்பது வோல்ட்டு. தோட்டங்களில் பம்புசெட்டைப் போட்டுவிட்டால் நூற்றெழுபதுக்கு இறங்கிவிடும். மோட்டார்கள் முனகி, சூடாகி, கருகி என் கடைக்கு வரும். ஊரே கரண்டைத் திட்டும்போது நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். பிழைப்பு அது.

அந்தக் கடைக்கு ஓர் ஆவணி மாதம் வேலம்மா அக்கா வந்தார். ராசிங்காபுரத்தில் வெள்ளாமைக் குடும்பம். கணவர் இறந்த பிறகு, குரங்கணிக்கு மேலே இருந்த ஏலக்காட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றவர். பொம்பளைக்கு எதற்கு மலைக்காடு, எங்களிடம் விடு என்று கொழுந்தன்மார் இருவரும் ஒரே பிடியாக நின்றார்கள். கடைசியில் ஊர் கூடிப் பேசி, முதல் காய் எடுப்பைக் கெடாமல் உலர்த்தி இறக்கிக் காட்டினால் காடு அக்காவுக்கே என்று முடிவானது.

மேலே கரண்டு கிடையாது. அதனால் காய் உலர்த்தும் ஸ்டோரைக் கீழே குரங்கணியில் கட்டியிருந்தார். அடைத்த அறை, விறகுச் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய், சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். முதல் சில மணி நேரம் காயிலிருந்து ஆவி கிளம்பும். அதைக் காற்றாடி வெளியே தள்ளாவிட்டால் காய் வெந்து மஞ்சளாகிவிடும். பச்சை போன ஏலக்காயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா கொண்டுவந்தது தூத்துக்குடியில் உடைத்த கப்பல் ஒன்றின் காற்றாடிகள் இரண்டு. லாரி ஓட்டும் அவர் தம்பி வாங்கிக் கொடுத்தது. பித்தளைத் தகட்டில் நூற்றுப்பத்து வோல்ட்டு என்று இருந்தது, மருமகளின் மெஷின் மாதிரியே நம் கரண்டில் பாதி.

"இதுக்கு டிரான்ஸ்பார்மர் வேணும்க்கா. கோயமுத்தூர்ல இருந்து வர எட்டு நாளாகும்."

"காய் பருவத்துல நிக்கிது தம்பி. எட்டு நாளு அது பொறுக்குமா? வெரசா வேற ஏதாச்சும் செய்யி."

செய்தேன். ஒன்றின் வழியாகவே மற்றதற்குக் கரண்டு போகும்படி இரண்டையும் கோத்தேன். இருப்பதை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே சுருதியில் ஓடின. நம்மைவிடக் கெட்டிக்காரன் போடியில் யார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மாதிரி ஓடும்வரைதான் அந்தப் பங்கு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

குரங்கணி ஸ்டோரில் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டையும் மாட்டிக் கொடுத்தேன். காய் இறங்கிய அன்று மதியம் அடுப்பு பற்றவைத்ததும் நான் அங்கிருந்த டீக்கடைக்குப் போனேன். சாரல் பிடித்தது. சாரல் அடித்தால் கையில் கிடைத்த சாக்கை எடுத்துச் சன்னலை அடைப்பது அங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். அடுப்பு பார்த்துக்கொண்டிருந்த செல்லையா அண்ணன், தண்ணீர் உள்ளே தெறிக்கிறதே என்று மேற்குக் காற்றாடியின் வாயில் சாக்கைத் திணித்துவிட்டார். தள்ளக் காற்று இல்லாமல் பளு குறைந்த அந்தக் காற்றாடி, கூட்டாளியின் பங்கையும் இழுத்துக்கொண்டு தலைதெறிக்கச் சுற்றியது. அதன் அலறல் டீக்கடை வரை கேட்டது. நான் போய்ச் சேருவதற்குள் கருகிப்போனது. அதன் வழியாகக் கரண்டு வாங்கிய மற்றதும் நின்றது.

அறைக்குள் ஆவி திரண்டது. வேலம்மா அக்கா கத்தவில்லை. ஒரு காயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இது போனா காடு போச்சு தம்பி" என்றார்.

மிச்சமிருந்த காற்றாடி நன்றாகத்தான் இருந்தது. செத்ததன் பங்கைச் சுமக்க வேறு ஏதாவது வேண்டும். ஊரில் திருவிழாவுக்குப் பல்பு மாட்டும் நீளப் பலகை ஒன்று இருந்தது, பன்னிரண்டு ஹோல்டர். அதைச் செத்த காற்றாடியின் இடத்தில் கோத்தேன், பல்புதான் இல்லை. செல்லையா அண்ணன் சாரலில் நனைந்துகொண்டு வீடு வீடாக ஓடினார்.

"ஆத்தா, ஒங்க வீட்டுப் பல்பைக் கழட்டிக் குடுங்க! அக்கா காயி போகுது!"

பெண்கள் பல்பை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாலு மாட்டியபோது இறக்கை லேசாக அசைந்தது. எட்டில் காற்று வந்தது. பன்னிரண்டாவதை டீக்கடைக்காரர் கொடுத்தார், காற்றாடி முழு மூச்சாக ஓடியது. பல்புகள் அரை வெளிச்சத்தில் சிவந்து எரிய, ஆவி வெளியே போனது. அன்று பொழுது சாய்ந்த பிறகு குரங்கணியில் பன்னிரண்டு இடத்தில் சிம்னி விளக்கு. ஒருவரும் பல்பைத் திருப்பிக் கேட்டு வரவில்லை.

கீழ்த்தட்டுக் காய் மட்டும் மஞ்சளானது. மற்றதெல்லாம் பச்சை. காடு அக்காவிடமே நின்றது. ஆனால் கீழ்த்தட்டுக்காகச் செல்லையா அண்ணனை எல்லாரும் காய்ச்சி எடுத்தார்கள். "ரெண்டும் தனித்தனி பேனுன்னு நெனச்சேன் தம்பி" என்றார் என்னிடம். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பித்துவிட்டார். புகழ்ச்சி இனித்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது குண்டு பல்பு தேடினாலும் கிடைப்பதில்லை. கரண்டு ஒழுங்காக வருகிறது. என் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அக்காவும் இல்லை, அவர் மகள் காட்டைப் பார்க்கிறாள். இரண்டு வருடம் முன்பு குரங்கணிக்குப் போனபோது செல்லையா அண்ணனைத் தேடினேன். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம். மகன்தான் இருந்தான்.

"ஒரு சாக்கை வச்சு வேலம்மா காட்டையே தொலைக்கப் பாத்தேன்னு எங்கய்யா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு சித்தப்பா."

அவனிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன், தப்பு உன் அய்யா மேல் இல்லை, என் மேல்தான் என்று. அவன் கோபப்படவில்லை.

"இத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"