நாய்க்கு அனுப்பிய துணி

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பாத்திரக் கடையில் எடை போட்டு, பேர் வெட்டிக் கொடுப்பது வேலை. இப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது; நாலு பேர் கூடி நின்றாலே பேச்சு குழறிவிடும். உங்கள் வீட்டுக்கு நாய் எப்படி வந்தது என்று தெருவில் கேட்கிறார்கள். "காவலுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறேன். பாதி பதில்தான் அது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகளைத் தில்லை நகரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆடி மாதம் ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, அதில் அள்ளித் திணித்த துணி. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்கள் பதிந்திருந்தன. என் மனைவி முதலில் செய்தது, துப்பட்டாவை இழுத்து அந்தக் கழுத்தை மூடியதுதான். எதிர்வீட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

திரும்பப் போகமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் பேசித் தீர்க்கலாம் என்றார்கள். போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றாள் என் மனைவி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை எங்கள் சந்து முனை டீக்கடையில் வந்து நிற்க ஆரம்பித்தார். பைக்கில் சாய்ந்தபடி நிற்பார். யாரிடமும் பேசமாட்டார். சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். வராத நாள்தான் எங்களுக்கு அதிகப் பயம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் கடைசி. பின்னால் நெஞ்சளவு மதில், அதற்கு அப்பால் முள் மண்டிய காலி மனை. காலையில் நான் கடைக்குப் போய்விடுவேன். மனைவி ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போவாள். பகல் முழுக்க மகள் தனி. ஒருநாள் நாங்கள் வந்து பார்த்தபோது, பின்பக்கக் கொடியில் அவள் துணிகள் மட்டும் கீழே கிடந்தன. எங்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடித்திருக்கும் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். மறுநாளே கடையில் விசாரித்து, உப்பிலியபுரம் பக்கம் ஒருவர் ஆட்டுப்பட்டியை விற்கிறார், பட்டியைக் காத்த நாயை நல்ல இடத்தில் கொடுக்க நினைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். செம்பழுப்பு நிறத்தில், காது நிமிர்ந்த பெட்டை நாய். என்னைக் கண்டு குலைக்கவில்லை. எழுந்து நின்று பார்த்தது, அவ்வளவுதான். நான் ஓரடி பின்னால் வைத்தேன். இதுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆறு மாசக் குட்டியா இருந்தா உடனே பழகிடும். இது வளந்த நாய்" என்றார் பட்டிக்காரர். "உங்க வீட்டு ஆளுங்க போட்டுக் கழட்டுன துணி கொண்டாந்து குடுங்க. துவைச்சது வேணாம். அது மேலயே படுக்க விடுறேன். அங்க வர்றதுக்குள்ள வீட்டு வாசம் பிடிபட்டுரும்."

"எங்களைக் கடிக்காதுங்களே?"

"உங்களை ஏங்க கடிக்குது. அந்தத் துணியில இல்லாத ஆளு மதில் ஏறட்டும், அப்பப் பாருங்க."

நான் மதிலைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கே அழைத்து வந்திருக்கலாம். ஆனால் புரட்டாசி பிறந்திருந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. நாயோ கோழிக்காலும் எலும்பும் தின்று வளர்ந்தது. தயிர்ச்சோறு போட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்றார் பட்டிக்காரர். "பெருமாள் மாசத்துல எலும்பு வேணாங்க. ஐப்பசி பொறக்கட்டும்" என்றாள் மனைவி. மகள் காப்பாற்றப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்ததும் அதே பெருமாளிடம்தான். நானும் சரி என்றேன். அந்த வாரமே மூன்று பேர் துணியையும் மனைவி மூட்டை கட்டிக் கொடுக்க, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

காத்திருந்த மாதத்தில் வீட்டைத் தயார் செய்தோம். வாசல் கிரில்லுக்குக் கீழே நாய் தலையை நுழைக்காதபடி கம்பி வலை அடித்தேன். பரணில் இருந்த எலி மருந்தை எடுத்துப் புதைத்தேன். கொல்லையில் தகரம் சாய்த்து, அடியில் சாக்கு விரித்தோம். எங்கள் கடையிலிருந்து அடி தட்டையான கனத்த கிண்ணம் ஒன்று கொண்டுவந்தேன். நாய் மூக்கால் தள்ளினாலும் கவிழாது. கடையில் எந்தப் பாத்திரம் வாங்கினாலும் பேர் வெட்டித் தருவோம். என்ன பேர் வெட்ட என்று மகளிடம் கேட்டேன். "வரட்டும்பா முதல்ல" என்றாள். அவளுக்குச் சீர் கொடுத்த பாத்திரம் அத்தனையிலும் அவள் பேரை வெட்டியது நான்தான். எல்லாம் தில்லை நகரில் இருக்கிறது.

சங்கிலிக்கு நீளம் பார்க்க வேண்டியிருந்தது. பின்கதவும் மதிலும் எட்ட வேண்டும், கிணற்றடி எட்டக் கூடாது. சங்கிலியை இழுத்துக்கொண்டு மதில் வரை போய், எட்டி அந்தப் பக்கம் பார்த்தேன். காலி மனையில், மதிலை ஒட்டி, இரண்டு சிமெண்டுக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. மேல் கல்லில் செருப்பு மண். அங்கிருந்து பார்த்தால் மகள் படுக்கும் அறை ஜன்னல் நேராகத் தெரியும். சுற்றிப் போய்க் கற்களைத் தூக்கி முள்ளுக்குள் எறிந்தேன். வீட்டில் சொல்லவில்லை. இரண்டொரு நாள் கழித்துப் பார்த்தேன். கற்கள் பழையபடி அதே இடத்தில் இருந்தன.

கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை காலை, கிரில்லைத் தட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. நெற்றியில் நாமம், கையில் துளசி மாலை. சந்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தவர்களும் உண்டு. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவைப்பது எங்களுக்குக் கை வராத காரியம். "வாங்க மாப்ள" என்று என் வாய் சொல்லிவிட்டது. கை பூட்டைத் திறந்துவிட்டது. உள்ளே மகள் அறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்டது.

உட்கார்ந்தார். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன மாமா, கீழெல்லாம் வலை அடிச்சிருக்கீங்க. கோழி வளக்கப் போறீங்களா?"

"நாய் ஒண்ணு வருது மாப்ள."

"நல்லதுதான். ஊரு கெட்டுக் கெடக்கு." கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உங்க கடைதானே? பேரு வெட்டலையா?"

"இன்னும் வைக்கல."

"என் பேரை வெட்டிருங்க. கூப்பிட்ட கொரலுக்கு வந்துரும்" என்று சிரித்தார். பிறகு கிண்ணத்தோடு கிடந்த சங்கிலியை உள்ளங்கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார். "நாயெல்லாம் எனக்குப் பழக்கம்தான் மாமா. முதல்ல குலைக்கும். அப்புறம் மோந்து பாக்கும். அப்புறம் காலடியில வந்து படுத்துக்கும். பொறுமை வேணும், அவ்வளவுதான். எனக்கு அது இருக்கு."

காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். எழுந்து, தாழிட்ட அறைப் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் பைக் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் பட்டிக்காரர் போன் செய்தார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"நாய் நல்லாப் பழகிருச்சுங்க. அதுலயும் அந்த நீலத் துண்டு இருக்கு பாருங்க, அதை மட்டும் கவ்விட்டுப் போய்த் தனியாப் படுத்துக்குது. என்னையே தொட விடல. உங்க துண்டுங்களா?"

எங்கள் வீட்டில் நீலத் துண்டு கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மகள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்தாள். "அது அவரோடது. அவசரத்துல என் துணியோட சேர்ந்து பையில வந்துருச்சு. எங்கம்மா அது?"

"துவைக்க எனக்கு மனசு வரலடி" என்றாள் மனைவி. "குப்பையில போட்டா யார் கண்ணுலயாவது படும். நாய் கிழிச்சுப் போடட்டும்னுதான் மூட்டையில வச்சேன்."

மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை.

"சரியாத்தான் இருக்கு. அப்பா வாங்க மாப்ளன்னு கதவைத் தொறந்தாரு. நீ காப்பி போட்டுக் குடுத்த. நாய் மட்டும் எதுக்கு அவரைப் பாத்துக் குலைக்கணும்?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கற்கள் கண்ணில் நின்றன. அதை அப்போதுதான் இருவரிடமும் சொன்னேன். திரும்ப வைத்திருந்ததையும் சொன்னேன். மகள் ஆச்சரியப்படவில்லை. "அவரை ரெண்டு தரம் அங்க பாத்தேன்பா. ஜன்னலச் சாத்திட்டு இருந்துட்டேன். சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு சொல்லல" என்றாள்.

"காலையில ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றேன்.

"ஊருல என்ன பேசுவாங்க" என்று மனைவி தொடங்கினாள்.

"பேசட்டும்."

"நீங்க அங்க போய் வாயத் தொறப்பீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

மறுநாள் காலை நானும் மகளும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அவள் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள். கற்களைப் பற்றி நான் சொன்னேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். ஐப்பசி பிறந்து நாய் வர இன்னும் சில நாள் இருந்தது. சாயங்காலம் அவர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.