நீலக்கிளி எடுக்காத சீட்டு

மயிலாப்பூர் போய் வந்தவளிடம் சாமியைப் பற்றிக் கேட்காமல் கிளியைப் பற்றிக் குடைகிறாயே, உனக்கு வேறு வேலையில்லையா? சரி, கேட்டுத் தொலை.

குளக்கரையில் டிராமுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கிளி ஜோசியன். கூண்டில் பச்சைக்கிளி இல்லை. கோழியைவிடப் பெரிய நீலக்கிளி ஒன்று குனிந்து நிற்கிறது. நெஞ்சில் இறகே இல்லை. அடையாற்றுத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவருடைய பட்லர் இவனிடம் கொடுத்ததாம்.

"இது எதைத் தின்னும்பா?"

"காட்டுல கல்லு மாதிரி கொட்டையெல்லாம் ஒடச்சித் துன்னுமாம் பாட்டி, பட்லர் சொன்னாரு. கிளின்னா நெல்லுதானே? அதான் போடறேன். தொட மாட்டேங்குது."

"ஊருக்கெல்லாம் ஜோசியம் சொல்றே, கூண்டுல இருக்கறதோட பசி உனக்குத் தெரியலையே! சரி, எனக்கும் ஒரு சீட்டு எடு."

அவன் சிரித்துக்கொண்டே சீட்டுகளைப் பரப்பிக் கூண்டைத் திறக்கிறான். கிளி தள்ளாடி வந்து ஒரு சீட்டின் மேல் அலகை வைக்கிறது. அப்படியே சாய்கிறது. தூக்கிப் பார்க்கிறான், தலை தொங்குகிறது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் துண்டில் சுருட்டுகிறான். "வெளில சொல்லிடாத பாட்டி. சீட்டெடுக்க வந்து செத்துச்சுன்னா ஒருத்தனும் எங்கிட்ட குந்த மாட்டான். வூட்ல புள்ளைங்க கீது."

"என் சீட்டைப் பாத்துதான் கிளி செத்துச்சுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிக்குவேனா? போடா."

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரிகள், குளக்கரை நீலக்கிளி என்ன சீட்டு எடுத்ததென்று சூழ்ந்துகொள்கிறார்கள்.

"எனக்கு நூறு வயசுன்னு சீட்டெடுத்துக் கொடுத்துட்டு, கடல் தாண்டி அது ஊருக்கே பறந்துடுச்சுடி" என்கிறேன்.